சேமவச்சும் இலச்சினையும்

கொடியைக் கண்டே படையை அறிந்தவர் நம் முன்னோர். புலியைக் கண்டால் சோழன். கயலைக் கண்டால் பாண்டியன். வில்லைக் கண்டால் சேரன். எழுத்தறியாத உழவனும் தொலைவிலிருந்தே, வருபவர் யார் என்று தெளிந்தான். இலச்சினையின் வேலை இதுவே. இன்று அரசர்கள் இல்லை. ஆயினும் இலச்சினைகள் பெருகிவிட்டன. பள்ளிக்கும் வங்கிக்கும் ஆலைக்கும் கழகத்துக்கும் தனித்தனி இலச்சினை உண்டு. நல்ல இலச்சினை எவ்வாறு பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இன்று ஆராய்வோம்.

கோவை நகரை அடுத்த கணபதி, வார்ப்பாலைகளும் பொறிப் பட்டறைகளும் மிகுந்த பகுதி. சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலை அதன் ஊடே செல்கிறது. கொங்கு நாடு லாரிகளோடு வாழும் நாடு. திருப்பூர்ப் பின்னலாடையும், ஈரோட்டு மஞ்சளும், பொள்ளாச்சித் தேங்காயும், கோவையின் பம்புசெட்டும், நாமக்கல் முட்டையும் லாரி ஏறியே வெளியூர் காண்கின்றன. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் பெயர் பெற்றது. லாரி உரிமையாளர் மிகுந்த ஊர் சங்ககிரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் போனது.

இத்தகைய நாட்டில், லாரிகளின்மீது பற்றுக்கொண்ட இளைஞர் சிலர் கணபதியில் கூடி ஒரு கழகம் அமைப்பதாகக் கொள்வோம். அதற்கு ஓர் இலச்சினை வேண்டும். முதலில் அவர்கள் மனத்தில் எழுவது என்ன? ஒரு லாரி, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, ஒரு புறம் பருத்தி, மறு புறம் பற்சக்கரம், சுற்றிலும் கழகத்தின் முழுப்பெயர்! தாளில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது தாளிலேயே இருக்கப் போவதில்லை. லாரியின் முகப்பில் ஏறப் போகிறது. அங்கேதான் சோதனை.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரே வருவதும் அதே வேகத்தில் வந்தால், இரண்டும் நொடிக்கு 33 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. 100 மீட்டர் தொலைவில் கண்ணில் பட்ட சின்னம் மூன்றே நொடிகளில் கடந்துவிடும். அந்த மூன்று நொடிகளிலும் ஓட்டுநரின் கண் சாலைக்கே உரியது. மலையும் பருத்தியும் பற்சக்கரமும் அங்கே ஒரு கறையாகத்தான் தெரியும். ஆகவே, சின்னத்தில் உருவம் ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம். கோடுகள் தடித்திருக்க வேண்டும். எழுத்தின் துணையின்றி அது தானே பேச வேண்டும்.

எளிமை மட்டும் போதுமா? போதாது. அந்த எளிய உருவம் தமக்கே உரியதாகவும் இருத்தல் வேண்டும். பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் வண்டியின் சின்னம், கூரைபோல் அடுக்கிய இரு கோணங்கள். அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஆந்த்ரே சித்ரோயன், கார் செய்வதற்கு முன்பு பற்சக்கரங்கள் செய்தவர். அச்சக்கரங்களின் பற்கள் கோண வடிவின, அவையே சின்னமாயின. ஸ்வீடனின் ஸ்கானியா லாரியில், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கின் உருவம் உண்டு. அந்த நிறுவனம் பிறந்த ஸ்கோனே மாநிலத்தின் சின்னத்திலிருந்து வந்தது அது. ஒன்று தொழிலிலிருந்து பிறந்தது. மற்றொன்று மண்ணிலிருந்து பிறந்தது.

இரவல் சின்னத்தின் கதியையும் பார்ப்போம். 1954-ல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜாம்ஷெட்பூரில் லாரிகள் செய்தது. அவற்றின் முகப்பில் பென்ஸின் மும்முனை நட்சத்திரம் விளங்கிற்று. 1969-ல் ஒப்பந்தம் முடிவுற்றது, நட்சத்திரமும் விடைபெற்றது. அதன் இடத்தில் டாட்டா தன் சொந்தச் சின்னத்தைப் பொறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்துக்கே இப்படியென்றால், நம் கழகம் பிறர் முத்திரையை ஒட்டி வாழ்வது எங்ஙனம்? பதிவு பெற்ற வணிகக் குறிகளை எடுத்தாளச் சட்டமும் இடந்தராது. அசோகச் சக்கரம் போன்ற நாட்டுச் சின்னங்களை வணிகக் குறியாக்குவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அப்படியானால் கொங்கு லாரிக் கழகத்துக்கு உரிய சின்னம் எது? வில்லைச் சிலர் நாடலாம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் உண்டு. ஆனால் வில் போர்க்கருவி. லாரிக்காரனோ போர் செய்பவன் அல்லன், பொருள் சுமப்பவன்.

அவனுடைய முன்னோரை வேறிடத்தில் தேடுவோம். சங்க காலத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர், மாட்டு வண்டிகளில் உப்பேற்றி மேட்டிலும் பள்ளத்திலும் நெடுந்தொலைவு சென்றனர். வழியில் அச்சு முறிந்தால் உதவ, வண்டியின் கீழே வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் புறநானூற்றுப் பாடலொன்றில் அச்சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி சக்கரம் அந்த அச்சின் வழித்தோன்றலே அன்றோ!

ஆரமில்லாத தடித்த வளையம் ஒன்று. அதன் கீழே, அதே அகலத்தில், தடித்த கோடு ஒன்று. வளையம் சக்கரம், கோடு சேமவச்சு. தொலைவில் பார்ப்பவனுக்கு அக்கோடு சாலையாகவும் தோன்றும். கரும்பரப்பில் மஞ்சள் தீட்டினால் விளக்கொளியில் நன்கு தெரியும். லாரியின் பின்புறத்தில் சிவப்பு எச்சரிக்கைக்கு உரிய நிறம்; அங்கே நம் சின்னம் அதனோடு போட்டியிடலாகாது.

வரைந்தபின் நான்கு சோதனைகள் செய்க. கட்டைவிரல் நகத்தளவு சுருக்கிப் பாருங்கள், உருவம் நிற்கிறதா? கருமை ஒன்றாலேயே அச்சிடுங்கள், பொருள் மாறாதிருக்கிறதா? நூறு அடி தள்ளி நின்று நோக்குங்கள், தெளிவாகத் தெரிகிறதா? ஒரு சிறுவனிடம் ஒரு முறை காட்டி மறைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள், நினைவிலிருந்து வரைந்துவிடுகிறானா? நான்கிலும் தேறியதையே பட்டறை ஓவியரின் தூரிகைக்குக் கொடுங்கள்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. அதை ஓவியர் செய்ய இயலாது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், பழுதாகி நிற்கும் வண்டியருகே ஒருவன் கை காட்டுகிறான். எதிரே வரும் லாரியில் சேமவச்சுச் சின்னம் தெரிகிறது. அந்த லாரி நிற்குமா, நில்லாது போகுமா? நின்றால் அவன் அச்சின்னத்தை வாழ்நாள் முழுவதும் மறவான். போய்விட்டால், எவ்வளவு திறமாக வரைந்திருப்பினும் அது வெறும் வண்ணப் பூச்சே. இலச்சினை என்பது ஒரு வாக்குறுதி. வரைபவன் அதற்கு வடிவம் தருகிறான். அதைத் தாங்கிச் செல்பவனே அதற்குப் பொருள் தருகிறான்.