இடமறிந்து மரம் நடுவோம்

(வடசென்னைப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரை)



லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நடப்பட்ட பிளேன் மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன. நிலக்கரிப் புகை மண்டிய அந்த நகரில் அவை தழைத்து நின்றன. கரி படிந்த பட்டை செதில் செதிலாக உரிந்து விழும். உள்ளிருந்து புதுப்பட்டை தெரியும். காஷ்மீரின் சினார் இதற்கு நெருங்கிய உறவு.

எண்ணூர்ப் புகைபோக்கிகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் அப்படியொரு மரம் வேண்டும் என்று தோன்றும். ஆனால், பிளேன் குளிர்நாட்டு மரம். நம் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் அது ஏற்றதல்ல.

நமக்குரியவை இங்கேயே இருக்கின்றன. திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர், சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தது மகிழடியில்தான். மெதுவாக வளர்ந்தாலும் ஆண்டு முழுவதும் அடர்நிழல் தரும். புன்னை கடற்கரையின் சொந்த மரம். பூவரசுக்கு ஒரு போத்து போதும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை உண்டா?

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் பரவ மண்ணில்லாமல் சிமென்ட் தளத்துக்குள் அடைபட்ட மரம் காற்றுக்கு நிற்காது. ஆகவே முதலில் இடத்தைப் பாருங்கள். சுவர், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி நடுங்கள். பெரிய மைதானம் இருந்தால் புன்னை நடலாம். முற்றம் சிறியதென்றால் ஒரு மகிழம் போதும். இடமில்லாத இடத்தில் நட்ட மரத்தைப் பின்னாளில் நாமே வெட்ட நேரும்.

மூன்றடி ஆழ, அகலக் குழி எடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து நீக்குங்கள். சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றித் தளம் போட விடாதீர்கள்.

மரம் புழுதியைத் தடுக்கும், வெயிலைத் தணிக்கும். ஆலைப் புகை முழுவதையும் அது விழுங்கிவிடும் என்று மட்டும் மாணவரிடம் சொல்லாதீர்கள். புகையைக் கட்டுப்படுத்துவது ஆலையின் கடமை. இதையும் சேர்த்துக் கற்பிப்பதே சுற்றுச்சூழல் கல்வி.

நட்ட கன்றுகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் காய்கின்றன. எனவே குழி தோண்டும் முன்பே மே மாதத்துக்கான தண்ணீர் முறைப்பட்டியலை எழுதுங்கள். பள்ளிக்கு அருகில் வசிக்கும் ஆறாம் வகுப்பு மாணவர்களின் பெயர்கள் அதில் முதலில் இருக்கட்டும். அவர்கள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை மரத்தோடு இருப்பார்கள்.