மருந்துக்கு அடங்காத கிருமிகள்

(குறிஞ்சிப்பாடி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சாலையும் குடிநீரும் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று மாட்டுக் கொட்டகையையும் வீட்டு அலமாரியையும் பற்றிப் பேச விரும்புகிறோம்.

ஒரே பூச்சிமருந்தை ஓயாமல் தெளித்தால் நேர்வது யாதென உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டில் ஆந்திரக் கடலோரப் பருத்தி வயல்களில், எத்தனை முறை மருந்தடித்தும் காய்ப்புழு சாகவில்லை. வலுவற்றவை முன்னரே மாண்டிருந்தன. பிழைத்தவற்றின் சந்ததியே வயலை நிறைத்தது. நோய்க்கிருமிகளின் கதையும் இதுவே. புழுவின் தலைமுறைக்குச் சில வாரங்களாகும். சில கிருமிகள் இரண்டாகப் பெருக அரை மணியும் வேண்டாம். மேலும், மருந்தை வெல்லும் ஆற்றலை ஓரினக் கிருமி வேற்றினக் கிருமிக்கும் கொடுத்துவிடும். புழுவுக்கு இச்சாமர்த்தியம் இல்லை!

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, அளவு குறைத்து மருந்துண்பதன் அபாயத்தை எச்சரித்தார். 2012 ஆகஸ்டில் நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இது குறித்தே 'சென்னைப் பிரகடனம்' உருவாக்கின. ஆயினும், மீந்த மாத்திரைகளைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஜலதோஷத்திற்குப் பிள்ளைக்குக் கொடுத்த தவற்றை நாமும் செய்ததுண்டு. ஜலதோஷம் வைரசால் வருவது. அம்மாத்திரை அதனைத் தொடுவதேயில்லை.

கொட்டகைக்கு வருவோம். மடிநோய் கண்ட பசுவுக்கு முதல் ஊசியிலேயே பால் தெளிந்தால், மறுநாள் ஊசியை நிறுத்தி விடுகிறோம். காரணம் அறியாமை மட்டுமன்று, செலவுந்தான். அதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால், எஞ்சிய கிருமி சாணத்தோடு குட்டைக்குச் செல்கிறது. குட்டை ஊருக்குப் பொது. ஆகவேதான் இதனைப் பஞ்சாயத்தின் காரியம் என்கிறோம்.

ஊசி போட்ட பசுவின் பாலை, டாக்டர் குறித்த நாள்வரை சங்கத்திற்கு ஊற்றலாகாது. காய்ச்சுவதால் மருந்து முற்றும் அழிந்துவிடாது. அப்பால் சரியாகத் தோய்வதில்லை என்பதை நம் தாய்மார்கள் அறிவர். கோழி வளர்ப்போருக்கும் ஒரு சொல். வேறெம்மருந்தும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து வந்தனர். 2019 ஜூலையில் மத்திய அரசு அதனைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடை செய்தது. தீவன மூட்டையின் சீட்டைப் படித்து வாங்குங்கள்.

மடிநோயின் தொடக்கத்திலேயே செய்யத்தக்க எளிய முறையொன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரப்பி வருகிறது. 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, பாலை முழுதும் கறந்து மடியைக் கழுவியபின், நாளுக்குப் பலமுறை நீர்க்கத் தடவ வேண்டும். பசு தீனி மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் டாக்டரிடம் செல்லுங்கள். அவர் சொன்ன நாள்வரை ஊசி போடுங்கள், குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

கால்நடை உதவி மருத்துவர் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறார். ஊசிச் செலவைப் பற்றிய உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.