அந்தப் பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள்

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணிதம் நடத்தியவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் பிளஸ் ஒன் சேர்க்கை நாளன்று ஒரே காட்சியைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. விண்ணப்பத்தில் விரும்பும் பாடப்பிரிவு எது என்று ஒரு கட்டம். "என்ன குரூப் கண்ணு வேணும்?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். "ஃபர்ஸ்ட் குரூப் போட்டுக்குங்க சார்" என்று அப்பா பதில் சொல்வார். பிள்ளை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேனா அப்பாவின் கையில் இருக்கும்.

இன்று நான் பேச வந்தது அந்தப் பேனாவைப் பற்றித்தான்.

பிளஸ் ஒன் வகுப்பின் முதல் நாளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுப்பேன். "இந்தக் குரூப்பை ஏன் எடுத்தாய்? உண்மையை எழுது. பெயர் போட வேண்டாம்" என்பேன். என்ன எழுதுவார்கள் தெரியுமா? "அப்பா சொன்னார்." "மார்க் இருந்தது, கொடுத்தார்கள்." "என் தோழி எடுத்தாள்." "எங்கள் ஊர்ப் பள்ளியில் இதுதான் இருந்தது." "இதை எடுத்தால் பின்னால் எதற்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள்." இப்படியே வரும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இரண்டொரு சீட்டு வேறு மாதிரி இருக்கும். ஒரு பிள்ளை எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: "தேல்ஸ் தேற்றத்தை நானே நிரூபித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதைவிடக் கஷ்டமானது வேண்டும் என்று எடுத்தேன்."

அந்தச் சீட்டை எழுதிய பிள்ளை யாரென்று நான் தேடவில்லை. தேட வேண்டிய தேவையும் வரவில்லை. ஒரு மாதத்தில் அந்த முகம் தானாகத் தெரிந்துவிட்டது. கணக்குத் தப்பானபோது புத்தகத்தை மூடாத முகம் அது.

பிள்ளைகளுக்குக் கடினமென்றால் ஆகாது என்று சொல்கிறோம். அது பொய். மார்கழி மாதத்தில் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். பனி கொட்டும் நேரத்தில் பதினைந்து வயதுப் பெண் இருபத்தோரு புள்ளிக் கோலத்துக்குக் குனிந்திருப்பாள். ஐந்து புள்ளியோடு முடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாதா? பதினேழாவது வரிசையில் ஓர் இழை தப்பினால் முழுச் சிக்கலும் குலையும். அழிப்பாள், மறுபடி போடுவாள், இடுப்பு வலியோடு எழுந்து நின்று ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவ்வளவு பாடும். இருபத்தோரு புள்ளி வைக்க உனக்குத் தகுதி இருக்கிறதா, போன கோலத்தில் எத்தனை மதிப்பெண் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. இதைப் போட்டால்தான் நம் குடும்பத்துக்குக் கௌரவம் என்று யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. அவளே வைத்த புள்ளி. அதனால் அவளே அதை முடிக்கிறாள்.

பாடத்திலும் அதே கதைதான். தானே எடுத்த கஷ்டம் பிள்ளையை வளர்க்கிறது. மற்றவர் தலையில் ஏற்றிய கஷ்டம் அதே பிள்ளையை ஒடிக்கிறது. புத்தகம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், தேர்வும் ஒன்று. பேனா யார் கையில் இருந்தது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

பெற்றோர்களே, முதலில் உங்களோடு பேசுகிறேன்.

"நானூற்றைம்பது மார்க் வாங்கிவிட்டுக் காமர்ஸா?" என்று கேட்கிறீர்களே, வணிகவியல் அவ்வளவு இளக்காரமா? கணக்குப்பதிவியலில் இரட்டைப் பதிவு முறையைப் பிடித்துக்கொண்டு, இருப்பாய்வில் ஒரு ரூபாய் இடித்தாலும் தப்பு எங்கே என்று ராத்திரி உட்கார்ந்து தேடும் பிள்ளை படிப்பது எளிய படிப்பா? இந்த நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்று பட்டயக் கணக்காளர் தேர்வு. கடினம் என்பது குரூப்பின் பெயரில் இல்லை, ஐயா. பிள்ளை அதில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது.

"ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்" என்பது உங்கள் அடுத்த வாதம். அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அந்தக் குரூப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் பொறியியலுக்கும் போகலாம், பி.காமுக்கும் போகலாம், சட்டத்துக்கும் போகலாம். காமர்ஸ் படித்தவருக்குப் பொறியியல் கல்லூரியின் கதவு திறக்காது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். எல்லாக் கதவும் திறந்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் விருப்பமில்லாத பாடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, படிப்பென்றாலே கசந்துபோன பிள்ளை அதில் எந்தக் கதவுக்குள் நுழையும்? நடக்கும் கால் இருந்தால்தானே கதவால் பயன்? அந்தக் காலையல்லவா நீங்கள் முறிக்கிறீர்கள்!

அடுத்து, என் சக ஆசிரியர்களிடமும் பள்ளி நிர்வாகங்களிடமும் பேசுகிறேன். இதைச் சொல்லும்போது குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நானூறுக்குக் கீழே இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப் இல்லை என்று ஒரு விதி வைத்திருந்தோம். அரசு சொன்ன விதியல்ல, நாங்களே போட்ட கோடு. ஒரு பையன் வந்தான். மொத்தம் 341. கணிதத்தில் மட்டும் 91. "கணக்குதான் சார் வேணும்" என்று வாயைத் திறந்து கேட்டான். அந்தப் பேனாவைத் தானே பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அவன். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்று நாங்கள் மறுத்தோம். மறுத்த பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு லேத் பட்டறையில் அவனைப் பார்த்தேன். கூம்பாகக் கடைய வேண்டிய ஓர் இரும்புத் தண்டுக்கு எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிளஸ் ஒன்னில் கரும்பலகையில் நடத்திய முக்கோணவியல், என் வகுப்பில் இடம் கிடைக்காத அவன் விரல்களில் இருந்தது. லேத் வேலை தாழ்ந்த வேலையல்ல, அந்த இரும்பு இல்லாமல் எந்த எந்திரமும் ஓடாது. ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்ததல்ல. நாங்கள் தள்ளிவிட்ட இடம். அன்றிலிருந்து மொத்த மதிப்பெண் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு சுடுகிறது.

கணிதத்தில் 91 எடுத்தவனுக்குச் சமூக அறிவியலில் குறைந்துபோனதற்காகக் கணிதத்தை மறுப்பது என்ன நியாயம்? 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் தேறவில்லை என்று அந்த உதவித்தொகை பறிக்கப்பட்டது. இந்தக் கதையை மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். பிறகு பள்ளிக்குப் போய், அன்று அவரை வெளியேற்றிய அதே அளவுகோலைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்து ஊர்ப் பிள்ளைகளை அளக்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளில் நாம் கற்றது இவ்வளவுதானா?

தோழர்களே, ஏழைப் பிள்ளைக்கு உயர்கல்வியின் கதவுகள் தாமாகத் திறந்தவை அல்ல. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வருவதற்கு முன், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். பெண் பிள்ளையென்றால் வீட்டின் சம்மதமும் வேண்டும். பிளஸ் டூ வந்தபோது வகைநுண்கணிதமும் கரிம வேதியியலும் நம் ஊர்ப் பள்ளிக்கே நடந்து வந்தன. 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கியது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃபில் தன் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நேராக வந்து நின்றது. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. ஒவ்வொன்றும் போராடிப் பெற்ற கதவு. அத்தனை கதவையும் திறந்துவிட்டு, பள்ளி வாசலில் நாமே ஒரு பூட்டுப் போடுவதா?

தனியார் பள்ளிகளுக்கும் ஒரு சொல். பிளஸ் ஒன் புத்தகத்தை மூலையில் போட்டுவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டும் உருவேற்றிய பள்ளிகள் எத்தனை! அந்த வழக்கத்தை ஒழிக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிய சுமை பிள்ளைகளை விட்டு இறங்கியது, அதை வரவேற்கிறேன். ஆனால் தேர்வு போகலாம், பாடம் போகக் கூடாது. வெக்டரும் நுண்கணிதமும் தொடங்குவது பிளஸ் ஒன்னில். நீட் தேர்வும் ஜே.இ.இ. தேர்வும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. அடித்தளத்தை விட்டுவிட்டு மாடி கட்டினால், பொறியியல் முதலாண்டில் அது பிள்ளையின் தலையில் விழும். கடினமான படிப்பு என்று பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டு மனப்பாடத்தை ஊட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். பிள்ளை கேட்டது புரிதலின் கஷ்டம். நீங்கள் கொடுப்பது தூக்கம் கெடும் கஷ்டம் மட்டும்.

அரசிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பிளஸ் ஒன்னில் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிறீர்கள், நன்றி. ஆனால் ஒரு பெண்ணுக்கு வேண்டிய குரூப் சைக்கிள் எட்டும் தொலைவில் இல்லையென்றால் என்ன செய்வாள்? பஸ் மாறிப் போக வேண்டும் என்றால் வீட்டில் விட மாட்டார்கள். பக்கத்துப் பள்ளியில் இருக்கும் குரூப்தான் அவள் குரூப் ஆகிறது. அவள் எதிர்காலத்தைப் பஸ் தடம் தீர்மானிக்கிறது. ஊருக்கு அருகிலேயே எல்லாப் பிரிவுகளும் வேண்டும். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய, இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்னும் ஐ.பி. பட்டயப் படிப்பு இன்று நம் நாட்டில் வசதியுள்ளோர் பள்ளிகளில் நடக்கிறது. கடினத்துக்குப் பேர்போன படிப்பு. ஆறு பாடங்கள், அதோடு மாணவரே ஒரு கேள்வியைத் தேர்ந்து 4,000 சொற்கள் வரை எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரை. ஆனால் உயர்நிலைக் கணிதத்தோடு வரலாற்றையும் சேர்த்து எடுக்க அங்கே வழி இருக்கிறது. எந்தப் பாடத்தில் ஆழம் போவது என்பதை மாணவர் சொல்கிறார். நம் பிள்ளைக்கோ கட்டி வைத்த மூட்டைதான். கணிதத்தோடு வரலாறு வேண்டும் என்று கேட்டால் அப்படி ஒரு குரூப்பே இல்லை என்கிறோம். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு செய்யும் உரிமை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிய மூட்டையா? இந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

கடைசியாக உங்களோடு, என் செல்வங்களே.

நண்பன் எடுத்தான் என்று எடுக்காதே. பயந்து விலகவும் செய்யாதே. பக்கத்து வீட்டு அக்காவிடம் பிளஸ் ஒன் புத்தகங்களை வாங்கி ஒரு வாரம் உன்னிடம் வைத்துக்கொள். முதல் பாடத்தை நீயே படி. புரியாது, புரியாவிட்டால் தப்பில்லை. மறுநாள் காலையில் எந்தப் புத்தகத்தின் பக்கம் உன் கை தானாகப் போகிறது என்று பார். எந்தக் கணக்குத் தப்பாகியும் உன்னை மறுபடி கூப்பிடுகிறது என்று பார். கஷ்டம் எல்லாப் பிரிவிலும் உண்டு. எந்தக் கஷ்டத்தை உன்னால் நேசிக்க முடியும் என்பதை மட்டும் கண்டுபிடி. பிறகு அப்பா அம்மாவிடம் நிமிர்ந்து நின்று சொல். அவர்கள் எதிரிகள் அல்ல. தாங்கள் பட்ட பாடு உனக்கு வேண்டாம் என்று அஞ்சுகிறவர்கள். உன் காரணத்தை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதும் உன் படிப்பில் ஒரு பகுதிதான்.

பெற்றோர்களே, சேர்க்கைக்குப் போகும்போது பிள்ளையோடு போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், கவலையையும் சொல்லுங்கள். ஆசிரியர்களே, மொத்தத்தைப் பார்க்காதீர்கள், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பாடப்பிரிவு என்ற அந்தக் கட்டம் வரும்போது, உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள்.