பாரிஸ் நகரின் மாரே



பாரிஸ் மாநகரைப் பற்றிப் பேசுவோர் ஐபெல் கோபுரத்தைக் கூறுவர். லூவர் கலைக்கூடத்தைப் புகழ்வர். நான் இன்று சேன் ஆற்றின் வலக்கரையில் உள்ள மாரே என்னும் பகுதியைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். மாரே என்பதற்குச் சதுப்பு நிலம் என்று பொருள். சேறாய்க் கிடந்த அவ்விடமே பின்னர்ச் செல்வர் வாழும் சீரிய பகுதியாயிற்று.

நான்காம் ஹென்றி மன்னர் 1605-இல் அங்கே ஒரு சதுக்கம் அமைக்கப் பணித்தார். செங்கல்லும் வெண்கல்லும் கலந்து கட்டிய 36 மாளிகைகள் நாற்புறமும் ஒரே அமைப்பில் நிற்கின்றன. அவற்றின் கீழே வளைவுத் தாழ்வாரம் சுற்றி ஓடுகின்றது. 1612-இல் விழா எடுத்துத் திறந்தபோது அதனைக் காண மன்னர் இல்லை. 1610-இலேயே அவர் கொலையுண்டார். அரச சதுக்கம் என வழங்கிய அதற்குப் புரட்சிக்குப் பின்னர், 1800-இல், வோஜ் சதுக்கம் என்று பெயரிட்டனர். வோஜ் மாவட்டத்தார் முதலில் வரி செலுத்தியமைக்கு அளித்த பெருமை அது! புதின ஆசிரியர் விக்டர் ஹியூகோ 1832 முதல் 1848 வரை அங்கே வாழ்ந்தார்.

1682-இல் அரசவை வெர்சேய் சென்றது. பிரபுக்களும் நாளடைவில் அகன்றனர். மாளிகைகள் பல குடிகளுக்குப் பங்கிடப்பட்டன. முற்றங்களில் பட்டறைகள் எழுந்தன. கைவினைஞரும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரும் அங்கே பிழைத்தனர். 1942 ஜூலை 16, 17 நாட்களில் பிரெஞ்சுக் காவலர் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 13,000 யூதரைப் பிடித்துச் சென்றனர். மாரேயின் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். மீண்டவர் மிகச் சிலரே.

போருக்குப் பின்னர் அப்பகுதி இடிந்து சிதையும் நிலையில் இருந்தது. பண்பாட்டு அமைச்சராய் விளங்கிய எழுத்தாளர் ஆந்திரே மால்ரோவின் முயற்சியால் 1962-இல் ஒரு சட்டம் பிறந்தது. தனிக் கட்டடத்தை மட்டுமன்றி, தெருக்களோடு கூடிய முழுப் பகுதியையும் காக்க அது வழி செய்தது. 1964-இல் மாரேயின் 126 ஹெக்டேர் பரப்பு அதன் பாதுகாப்பில் வந்தது. மாளிகைகள் பழைய பொலிவைப் பெற்றன. 1985-இல் அவற்றுள் ஒன்று பிக்காசோ கலைக்கூடமாயிற்று.

ஆயினும் அன்பர்களே, முற்றத்துப் பட்டறைகள் பல அழகைக் கெடுப்பன என அகற்றப்பட்டன. வாடகை உயர்ந்தது. மாளிகைகளைக் கைவிடாது குடியிருந்த எளியவர்களே வெளியேற நேர்ந்தது. கல்லைக் காத்த சட்டம் குடியைக் காக்கத் தவறிற்று.

நாம் வாழும் நகரங்களிலும் பழைய தெருக்களைக் காக்க வேண்டும் என்ற குரல் எழுகின்றது. அது நல்ல குரலே. அத்துடன், அத்தெருவில் தொழில் செய்வோர் எங்கே செல்வர் என்ற வினாவையும் எழுப்புவோமாக. அழகிய வீடும் அதில் வாழும் மனிதரும் ஒருங்கே நிலைப்பதன்றோ நகரத்தின் சிறப்பு?