மேகமும் நாரையும்

மூணு வயசுப் பிள்ளையை ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைக்க முடியுமா? அதுவும் கடகடவென்று இரையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளே?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஹிலரி ரிச்சர்ட்சனும் ரெபெக்கா சாக்ஸும் 3 முதல் 12 வயது வரையுள்ள 122 பிள்ளைகளிடம் அதைச் சாதித்தார்கள். முதலில் போலிக் கருவியில் ஒத்திகை. பிறகு, கட்டிக்கொள்ள ஒரு பெரிய பொம்மை. காலருகே ஒருவர் நின்றுகொண்டு, 'அசையாதே' என்பதை மெல்லத் தொட்டு நினைவூட்டுவார்.

உள்ளே ஒரு பிக்சார் குறும்படம், 'பார்ட்லி கிளவுடி'. வசனமே கிடையாது. மேகம் ஒன்று முதலைக்குட்டி, முள்ளம்பன்றிக்குட்டி என்று செய்து தருகிறது. அவற்றைத் தூக்கிப் போகிற நாரை கடியும் குத்தும் வாங்குகிறது. நாரை பறந்து போனதும், 'நம்மை விட்டுவிட்டதே' என்று மேகம் கலங்குகிறது. மற்றவர் உடம்பு வலியைக் கண்டால் வேலை செய்யும் மூளைப் பகுதிகள் வேறு, அவர் மனசை ஊகிப்பவை வேறு. படம் பார்த்த பிள்ளைகளின் மூளையில், மூணு வயசிலேயே இவை பிரிந்திருந்தன!

கருவிக்கு வெளியே கதை சொல்லிக் கேள்வியும் கேட்டார்கள்: 'இவன் இப்போ என்ன நினைப்பான்?' இதைச் செய்தது நல்லதாயிற்று. தப்பாகப் பதில் சொன்ன பிள்ளைகளின் மூளையிலும் அந்தப் பிரிவு தெரிந்தது. சரியாகச் சொல்லத் தொடங்கும் வயதில் திடீர்த் தாவல் எதுவும் இல்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பிரிவு துலங்கியது. 2018-இல் வெளியான முடிவு இது.