அளந்து சேர்த்தால் வலிமை



கோலாலம்பூர் செராஸ் வட்டாரத்தில் எம்.ஆர்.டி. ரயில் ஏறுகிறவர்களுக்குப் பழகிப்போன ஓர் ஒலி உண்டு. மாலூரி நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. அடுத்த தாமான் பெர்த்தாமா தூண்களின் மேல். சுரங்கத்தை விட்டு ரயில் மேடேறும்போது அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தக் காஜாங் தடத்தில், ஓரமாகச் செல்லும் மூன்றாம் தண்டவாளம் 750 வோல்ட் நேர்மின்சாரம் தருகிறது. ரயிலிலுள்ள இன்வெர்ட்டர் கருவி அதை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி, மூன்று ஃபேஸ் மின்சாரமாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அலையும் மூன்று மின்னோட்டங்களாக, மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. அந்த ரீங்காரத்தில் பெரும்பங்கு இந்த வெட்டுதலின் ஓசை.

வெட்டிய மின்சாரத்தில் ஹார்மோனிக்ஸ் பிறக்கும். எடுத்துக்காட்டாக, நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதோடு 150, 250, 350 என்று மூன்று, ஐந்து, ஏழு மடங்குக் கணக்கில் ஒட்டிவரும் சிற்றலைகளே ஹார்மோனிக்ஸ். இவை கட்டுப்பாடின்றி மோட்டாருக்குள் புகுந்தால் கம்பிச்சுருள் சூடேறும், தண்டு அதிரும். அதனால் இவற்றை வடிகட்டவே பொறியாளர்கள் பாடுபட்டார்கள். ஆனால் அதே ஹார்மோனிக்கை அளவறிந்து நாமே செலுத்தினால் மோட்டார் முன்னைவிட நன்றாக உழைக்கிறது.

நிலைக்காந்த மோட்டார் ஒன்றைப் பாருங்கள். அதன் அமைப்பிலேயே ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்குகள் கலந்திருப்பதால், மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்குவிசை ஆறு முறை ஏறி இறங்கும். அதே ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக் மின்னோட்டத்தைச் சிறிதளவு, சரியான கோணத்தில் செலுத்தினால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கும். முள்ளை முள்ளால் எடுக்கும் வேலை இது. கோணம் பிசகினால் அதிர்வு கூடிவிடும்.

விசையைக் கூட்டவும் வழி உண்டு. இரும்பு ஏற்கும் காந்தத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஐந்து ஃபேஸ் மோட்டாரில் மூன்றாம் ஹார்மோனிக்கைச் சேர்த்தால் காந்த அலையின் உச்சி தட்டையாகும். எல்லையைத் தொடாமலே முதன்மை அலையைக் கூட்டலாம். அதே இரும்பு, அதே செம்பு. விசை மட்டும் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். வழக்கமான மூன்று ஃபேஸ் மோட்டாரில் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் ஓட வழியில்லை. அங்கே இன்வெர்ட்டரின் வோல்டேஜில் மூன்றாம் ஹார்மோனிக்கைக் கலந்து, சுமார் 15 விழுக்காடு கூடுதல் வோல்டேஜ் பெறுகிறார்கள்.

மூன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் கொண்ட மோட்டார்களைப் பற்றிய ஆய்வு நம் ஊரிலும் நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆறு ஃபேஸ் மோட்டாரின் மின்னோட்டக் கட்டுப்பாட்டை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள்.

உலகில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு அருகே மோட்டார்களுக்கே போகிறது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு விழுக்காடும் பெரிது. அந்த மிச்சத்தைத் தருவது கணக்கு. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் வரும் சைன் அலைதான் இதற்கு அடித்தளம். பெற்றோர்களே, அந்தப் பாடத்தைக் கண்டு பிள்ளைகள் ஒதுங்கவிடாதீர்கள். போலிடெக்னிக்கில் மின்பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, மோட்டார் கட்டக் கற்பதோடு நின்றுவிடாமல் இன்வெர்ட்டருக்குள் ஓடும் கணக்கையும் கைவசப்படுத்துங்கள். நாளைய மோட்டாரை வடிவமைக்கும் இடத்தில் நீங்களும் இருக்க வேண்டும்.