முதல் நாள் பேசாத பிள்ளை
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுதியின் முதல் நாள் மாலை எவருக்கும் மறந்திராது. றங்குப்பெட்டியைக் கட்டிலின் கீழ் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் சுற்றிவர அறியாத முகங்கள். "எந்த ஊர்? ஆரின்ரை மகள்?" யாழ்ப்பாணத்தில் புதியவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கேள்விக்குள் சாதி ஒளிந்திருப்பது அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டோம்.

வேலணையிலிருந்து வந்த ஒரு பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். சிரிக்கவும் இல்லை. "பெரிய எடுப்பு" என்று அன்றிரவே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பருத்தித்துறைப் பிள்ளையோ வந்தவுடன் கலகலவென்று கதைத்தாள். எல்லோரும் அவள் கட்டிலில்தான். (விளக்கணைந்த பிறகு போர்வைக்குள் அழுதது அவள்தான் என்பது பிறகு தெரிந்தது.)

2018 இல் உளவியலாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதன்முறை கதைத்துப் பிரிந்தவர்கள், மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டனராம். கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இது இன்னும் கூட. விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவரிடையே மாதக்கணக்காக நீடித்ததாம். வாசித்ததும் வேலணைப் பிள்ளைதான் நினைவுக்கு வந்தாள். எங்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே ஒரு தவணை முழுவதும் அவள் நினைத்திருந்தாள். நாங்களோ அவளுக்குத்தான் எங்களைப் பிடிக்கவில்லை என்றிருந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்துத்தான் நகரலாம். மறுநாள் எங்களில் நால்வர் குடும்பங்களோடு மீசாலையில் ஒரு படலையைத் தட்டினோம். திறந்தது அவள். அங்கே மணமுடித்திருந்தாள். விறாந்தை, மால், மாமரத்தடி எங்கும் முன்பின் தெரியாத சனம்.

"காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கிருந்த நாட்களில் கவனித்தோம்: வந்த எவரிடமும் எந்த ஊர், ஆரின்ரை ஆட்கள் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று ஒருநாள் விசாரித்தோம். "எனக்குக் கதைக்கத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்று அகப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்றும் வந்திருக்கிறாள். இந்த உரையை அவளைத்தான் ஆற்றச் சொன்னோம். மாட்டேனென்று பின்வரிசையில் போய் இருந்துவிட்டாள்.